அங்க அடையாளங்கள்

ஷ்வெரின் நகரத்தின் நடுவே ஒரு குளம்.
பாதிரிகளின் குளம் என்று பெயர்.
அதில் முழுக்க நாமக்கோழிகள்.
இதைச் சொல்லிச் சிரிக்க
இந்த ஊரில் எனக்கு ஆளில்லை.

காலையெல்லாம் பீங்கானை இழைத்து
யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ
வெள்ளையில் எந்த வெள்ளை என்று பார்த்த கண்
மதிய இடைவேளையிலும்
சும்மா இருப்பதில்லை.

எல்லாம் கறுப்பு. எல்லாவற்றுக்கும் சிவந்த கண்.
நெற்றி வெள்ளைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.
அகன்று, உச்சியில் உருண்டு முடியும் ஒன்று,
படகுத்துறை அதன் ராஜ்யம்.
ஒடுங்கிக் கூராக ஏறும் இன்னொன்று,
எந்நேரமும் துரத்தப்படுவது.
வடகலை, தென்கலை என்று வைத்தேன்.
தீர்ப்பு வராத சண்டைக்கு
வேறென்ன பெயர் வைப்பது?

மூன்றாவதன் நாமத்தில்
இடது ஓரம் எள்ளளவு பெயர்ந்திருந்தது.
"நம்மிடம் வந்தால் பூசிக் கொடுக்கலாம்" என்றாள்
கூட வேலை செய்யும் ஃப்ராக்கே,
ரொட்டியைத் தனக்கு மட்டும் பிய்த்துக்கொண்டு.

என் பள்ளிச் சான்றிதழில்
அங்க அடையாளங்கள் இரண்டு கேட்டிருந்தது.
வலது புருவத்தில் தழும்பு. அது நிஜம்.
இன்னொன்று தேடி அலுத்த குமாஸ்தா
இடது முழங்காலில் மச்சம்
என்று எழுதி
முத்திரையும் குத்திவிட்டார்.
முதல் பாஸ்போர்ட்டிலும் அதுவே ஏறியது.
எந்த அதிகாரியும் இதுவரை
முழங்காலைக் காட்டச் சொன்னதில்லை.

அந்த மூன்றாவதற்கும்
இரண்டாவது அடையாளம் வேண்டுமென்று
நவம்பர் முழுக்கக் கரையில் நின்றேன்.
தலையை ஆட்டி ஆட்டி நீந்தும்,
முழுகும்,
எதிர்பாராத இடத்தில் எழும்.
அவ்வளவுதான்.

ஜனவரியில் குளம் உறைந்தது.
கலை பேதமில்லாமல்
எல்லாம் பனிக்கட்டிமேல் ஏறின.
அன்றுதான் கால்களைப் பார்த்தேன்.
இலை இலையாக மடல் விரிந்த,
உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத
பெரிய பச்சைக் கால்கள்.

இருந்த ஒரு துளைத் தண்ணீருக்கு
ஒரு வாரமாக அடிதடி.
நெற்றி பெயர்ந்தவை இப்போது நான்கு.
எல்லாம் இடது ஓரம்.

அதில் ஒன்று, ஒரு காலை
வயிற்றுக்குள் மடக்கி நின்றது.
இறக்குமா என்று பார்த்தேன்.
மணி ஒன்றாகிவிட்டது, வா என்றாள் ஃப்ராக்கே.

கையுறையைக் கழற்றி
குறிப்பேட்டில் எழுதினேன்:

நெற்றியில் இடது ஓரம் பெயர்ந்தது.
இடது முழங்காலில் மச்சம்.