பாலத்துக்கு மேற்கே ஒரு மணி

தூங்கியது ஹாபரண்டாவில், ஸ்வீடன்.
படித்தது தோர்னியோவில், பின்லாந்து.
நடுவே உறைந்த ஆறு, மேலே பாலம்.
எழுநூற்றுப் பன்னிரண்டு அடி,
எண்ணி வைத்திருக்கிறாள்.

பெயர் தைமி. வயது ஏழரை.
அம்மா மிர்வா நார்வேக்கு மீன் வெட்டப் போய்ப்
பதினொரு நாள்.
நாலாம் மாடி விளக்கு அணையவே இல்லை என்று
எதிர்வீட்டு ஸ்டூரே கடிதம் எழுதினார்,
பள்ளி இருக்கும் ஊருக்கு.

அந்த ஊர் அலுவலகத்தில்
கோப்புக்கு எண் போடுகிறவள் நான்.
படுக்கை அங்கே, அங்கே கேளுங்கள் என்றோம்.
பல் மருத்துவர் உங்களிடம், நூலக அட்டை உங்களிடம்,
வழக்கமான வசிப்பிடம் எதுவென்று முடிவானபின்
பேசலாம் என்றார்கள்.
நார்வேக்கும் ஒரு நகல் போயிற்று.
மிகப் பணிவாகப் பதில் வந்தது:
இது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது.

வரம்பு.
வயலில் இருந்தால் அதன்மேல் நடந்தாவது போகலாம்.

வழக்கமாக அவள்
கழுத்தில் சாவி மாட்டியிருந்தாள்.
வழக்கமாக ஓட்ஸைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள்,
அடுப்பைத் தொடாதே என்று சொல்லியிருந்ததால்.
வழக்கமாக வாசலில் அம்மாவின் பூட்ஸை
தினமும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தாள்.

விசாரணை அறையில் கேட்டார்கள்:
நீ எங்கே குடியிருக்கிறாய்?
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்:
"பள்ளி விடும்போது மணி இரண்டு.
பாலம் தாண்டினால் மறுபடி ஒன்றே கால்.
பசி மட்டும் இரண்டே காலிலேயே இருக்கும்."

தட்டச்சு செய்தேன்.
கேட்டதற்குப் பதில் இதுவல்ல, நீக்குங்கள் என்றார் நீதிபதி.
நீக்கினேன்.
இரண்டு நாட்டுச் சட்டப் புத்தகத்திலும்
அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கம் இல்லை.

அடுத்த அமர்வு ஏப்ரலில், ஆறு உருகும்போது.
அதுவரை கெமியில் யாரோ ஒருவர் வீடு,
"தற்காலிகம்" என்று முத்திரை.

பள்ளிச் சமையலறை ஹில்க்கா
யார் பொறுப்பு என்று யாரையும் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமைதோறும் அவள் கோட்டுப் பையில்
இரண்டு ரை ரொட்டி, நடுவில் வெண்ணெய்.
இந்த வழக்கில் எல்லை தாண்டி
ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

பள்ளி உணவை வெளியே கொடுத்ததற்கு
ஹில்க்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம், இரண்டே நாளில்.
அவள் எந்த நாட்டவள், எந்த அலுவலகத்துக்கு உட்பட்டவள்
என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.
அதற்கும் எண் போட்டவள்
நான்தான்.