பதினான்கு மார்க்கா

உடைந்தது நேற்றில்லை.
மூன்று குளிர்காலம் சாலையில் தூவிய உப்பு
வெல்டிங் ஓரத்தில் உட்கார்ந்து
நிதானமாகத் தின்றிருக்கிறது.
நான் மிதித்த அன்று
சத்தம் மட்டும்தான் புதிது.

எழுபத்தெட்டாம் வருட ஹோண்டா,
இருநூறு கிலோவும் இடப்பக்கம் சரிந்து
ஃப்ரீசர் மூடியில் ஒரு பள்ளம் போட்டது.
உள்ளே போன வருடத்து லிங்கன்பெர்ரி,
பாதி கலைமான் தொடை.
அவற்றுக்கு ஒன்றுமில்லை.
என் முழங்காலில்தான் ஒரு நீலம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஹாப்பரண்டாவில்,
காயலான் கடையில் கிடைத்தது ஒரு சென்டர் ஸ்டாண்ட்.
வேறொரு வண்டி செத்த பிறகும் மிஞ்சிய கால்கள்.
அறுபது யூரோ என்றான் ஸ்வீடன்காரன்.
பேரம் பேசியிருக்கலாம்.

கையேட்டில் இருக்கிறது:
'வண்டியைப் பிடித்துக்கொள்ள உடன் ஒருவர் தேவை.'
எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்கள்.

கெமி. ஏப்ரல் ஞாயிறு.
காகித ஆலைப் புகை நேராக மேலே போகிறது.
இருபத்துநான்கு வீட்டுக் குடியிருப்பில்
கேரேஜ் கதவு திறந்திருந்த ஒரே ஆள்
என்சியோ குர்த்தி.

நாங்கள் பேசிப் பதினோரு வருடம்.
காரணம் ஒரு மின்கம்பம்.
மைனஸ் முப்பதில் இன்ஜினைச் சூடாக்கும் பிளக்,
அவர் எண்ணில் என் வயரைச் செருகிவிட்டேன்,
ஒரே ஓர் இரவு.
காலையில் அவர் கார் எழவில்லை.
மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை,
திட்ட அவர் வரவில்லை.
ஆளுக்கொரு ஒற்றைக்காலில் நின்றுவிட்டோம்.

"ஒரு வண்டியைப் பிடிக்கணும்" என்றேன்.
கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

இன்ஜினுக்கடியில் இரண்டு பிர்ச் கட்டை.
அவர் கையில் ஹேண்டில்பார்.
அட்டையை விரித்து நான் கீழே படுத்தேன்.
அங்கிருந்து பார்த்தால் என்சியோ என்பவர்
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்,
இடது பூட்ஸில் சைக்கிள் டியூப் ஒட்டு.
நாற்பது நிமிடம் அது அசையவேயில்லை.

துருவேறிய பின் ஒன்று.
எண்ணெய், காத்திருப்பு, சுத்தியல்.
மறுபடி எண்ணெய்.
மேலிருந்து ஒரு குரல்:
"அன்றைக்கு ஓவுலு போக வேண்டியிருந்தது."
சுத்தியலை நிறுத்தினேன்.
"என்ன விஷயமா?"
"பல் பிடுங்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்புறம் அது தானாகவே விழுந்துவிட்டது."
பின் வெளியே வந்தது.

ஸ்டாண்ட் ஏறிவிட்டது. ஸ்பிரிங் ஏறவில்லை.
ஸ்க்ரூடிரைவர் இரண்டு முறை வழுக்கி
விரல் முட்டியில் தோல் போனது.
"காசு வைக்கணும்" என்றார்.
கூலி கேட்கிறார் என்று நினைத்தேன்.
"நீ பிடி" என்று வண்டியை என்னிடம் தந்துவிட்டு
வீட்டுக்குப் போய்
ஒரு காப்பித்தூள் டப்பாவோடு வந்தார்.

உள்ளே முழுக்க மார்க்கா.
மாற்றித் தர வங்கி பத்து வருடம் காத்திருந்தது,
இவர் போகவில்லை.
ஸ்பிரிங்கை வைஸில் பிடித்து ஒரு பக்கம் வளைத்தார்,
வாய் திறந்த ஒவ்வொரு சுருளிலும் ஒரு காசு.
மறுபக்கம் வளைத்து, இன்னும் சில.
பதினான்கு செல்லாக்காசு
எஃகை அரை அங்குலம் நீட்டிவிட்டன.
கொக்கி, குழந்தைக்குச் சட்டை பட்டன் போடுவதுபோல்
மாட்டிக்கொண்டது.

ஸ்டாண்டை மிதித்தேன்.
ஸ்பிரிங் விரிந்தது, காசுகள் உதிர்ந்தன,
சிமெண்ட் தரையில் ஒவ்வொன்றாக,
சில உருண்டு ஃப்ரீசர் அடிக்குப் போயின.
குனிந்து பொறுக்கினார், எண்ணினார்.
பதின்மூன்று.
இன்னொன்று சுருளுக்குள் கோணலாக மாட்டியிருக்கிறது,
எந்த இடுக்கிக்கும் எட்டவில்லை.

"ஒரு மார்க்கா பாக்கி" என்றார்.
முகத்தில் சிரிப்பு இல்லை.
விளையாட்டா, இன்னொரு பதினோரு வருடமா, தெரியவில்லை.
காப்பி குடிக்கிறீர்களா என்றேன்.
வீட்டில் இருக்கிறது என்று
டப்பாவைக் குலுக்கியபடி போனார்.

வண்டி இரண்டு காலில் நிற்கிறது.
பின்சக்கரம் தரையில் படாமல்.
கையால் ஒருமுறை சுற்றிவிட்டேன்,
நிற்க
வெகுநேரம் எடுத்துக்கொண்டது.