பதினேழாம் எண் வீட்டு மணி

குத்தாயிசியின் இந்தத் தெருவில்
எரிவாயுக் குழாய் மண்ணுக்குள் ஒளிவதில்லை.
மஞ்சள் பூசிக்கொண்டு மதிலோரமாக நடக்கிறது.
வாசல் வந்தால் மட்டும்
மேலே ஏறி, லாரிக்கு வழிவிட்டு,
அந்தப் பக்கம் இறங்கிக்கொள்கிறது.

கூடவே நடப்பவன் ஜும்பேர்.
பையில் மானோமீட்டர், கைப்பம்பு, இரண்டு குறடு,
பாத்திர சோப்பு கரைத்த தண்ணீர் ஒரு புட்டி.
இன்று பதினேழாம் எண். கீசருக்குப் புது இணைப்பு.

மணிப்பொத்தானுக்கு அரை அங்குலம் இருக்கையில்
விரல் நின்றது.
கதவின் கீழ் இடுக்கு வழியாக
அது வந்துகொண்டிருந்தது.

மணியும் ஒரு பொறிதான்.
விரலை மடக்கி, முட்டியால் தட்டினான்.

மக்வாலா திறந்தாள். கையெல்லாம் ரொட்டி மாவு.
"உள்ளே இருட்டாக இருக்கும், இருங்கள்" என்று
சுவிட்சைத் தேடிப் போன கையை
அவன் எட்டிப் பிடித்தான்,
அதுவரை பார்த்தேயிராத ஒருத்தியின் கையை.
"எதையும் போட வேண்டாம்.
எரிவதை அணைக்கவும் வேண்டாம்.
போனை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்."

வெளிச்சுவரில்
குழாயோடு படுத்திருந்த கைப்பிடியைக்
குறுக்கே திருப்பினான்.
ஜன்னல்களை விரியத் திறந்தான்,
மேல் கண்ணாடி வரைக்கும்.
சிலிண்டர் வாயு என்றால் தரையில் ஊர்ந்து பதுங்கும்.
இது கூரைக்கு ஏறி, அங்கே
கூட்டம் சேர்த்துக்கொண்டு உட்காரும்.
பிப்ரவரி முழுவதும் வீட்டுக்குள் வந்தது.

முற்றத்தில் அவன் கோட்டுக்குள் அவள்.
"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றாள்.
"மூன்று வருடமாக மூக்கு கிடையாது.
ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.
காபி, கொத்தமல்லி, பேரன் தலை,
எல்லாம் ஒன்றுதான்."
அடகுவைத்த நகைகளைச் சொல்வதுபோல் சொன்னாள்.
பிறகு, "எப்படி இருந்தது?"
"எது?"
"அந்த வாடை."

இருபத்திரண்டு வருடத்தில்
அவனிடம் யாரும் கேட்காத கேள்வி.
வாயுவுக்கென்று வாடை இல்லை.
யாரோ ஒருவர் கலந்து அனுப்புகிறார்,
இந்தக் கோடியில் ஒரு மூக்கு இருக்கும் என்று நம்பி.

அழுகிய முட்டை, என்றான்.
அவளுக்குப் போதவில்லை.
நாள்பட்ட முட்டைக்கோஸ்.
ம்.
திபிலிசியில் கந்தகக் குளியலுக்குப் படி இறங்குவோமே,
நான்காவது ஐந்தாவது படியில் ஒன்று வருமே.

அவள் சற்று நேரம் நாயைப் பார்த்திருந்தாள்.
"கல்யாணமான மூன்றாம் நாள் போனோம்.
திரும்பும்போது அவர் சட்டை முழுக்க அதுதான்.
ரயிலில் எதிரே இருந்த குடும்பமே
எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது."
நாற்றம் என்ற சொல் தமிழில்
ஒரு காலத்தில் நறுமணமாய் இருந்தது.
அவள் முகத்தில் அது
அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போனது.

ஒரு மணி நேரம் கழித்து, குழாயில்
வெறும் காற்றை அடித்துச் சோப்புநீர் தடவினான்.
அடுப்புக்குப் பின்னால், நட்டின் கழுத்தில்
தவளைத் தொண்டைபோல் ஒரு குமிழ்
உப்பி, உடைந்து, மறுபடி உப்பியது.
பழைய வாஷர், வெடித்தது.
புத்தாண்டுக்கு அடுப்பை நகர்த்தியவர் கோச்சா,
எல்லாம் தெரிந்த மருமகன்.

புது வாஷர். மறுபடி சோப்பு.
நுரை சும்மா கிடந்தது.
மானோமீட்டர் முள்ளைக் கால் மணி நேரம்
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல.
அது அசையவில்லை.

கீசர் இணைப்பு இன்று இல்லை என்றான்.
முதலில் கூரையோரம் ஒரு மின்மூக்கு.
வண்டியில் ஒன்று கிடந்தது; மாட்டி,
சோதனைப் பொத்தானை அழுத்தினான்.
அது போட்ட கூச்சலில்
நாய் வேலி தாண்டி ஓடியது.
"மூக்கு கேட்டால்
வாய் கொடுக்கிறீர்கள்" என்றாள்.

மாவு குளிரில் விறைத்துப்போயிருந்தது.
கோட்டைத் திருப்பித் தர மறந்துவிட்டாள்,
அவனும் கேட்க மறந்தான்.

பத்தொன்பதாம் எண் வாசல்.
மணிப்பொத்தான் புதிது, பளபளவென்று.
மூச்சை இழுத்துப் பார்த்தான், ஒன்றுமில்லை.
சட்டைக் கைநுனியில் மாவு காய்ந்திருந்தது.
தட்டினான்.