இல்லாத வண்டியின் சாவி

பாமாயில் வாடை படியேறி வரும்
ரேஷன் கடை மாடி, புளியந்தோப்பு.
ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை
வட்டமாகப் போடப் பார்க்கிறேன்.
நடுவில் தூண்.
வட்டம் எப்போதும் கொஞ்சம் கோணல்.
கால் விரிசல் விட்ட நாற்காலியில்
நானே உட்கார்ந்துகொள்வது வழக்கம்.

ஸ்டேஷனிலிருந்து போன்:
"என்ன மேடம், இன்னிக்கும் கட்டப்பஞ்சாயத்தா?"
சிரித்து வைத்தேன்.
சிரிக்காவிட்டால் அடுத்த பையனை
என்னிடம் அனுப்ப மாட்டார்.

டில்லிபாபுவுக்குப் பதினாறு வயது.
அரைநாள் கூலி போச்சு என்று
முணுமுணுத்தபடி பக்கத்தில் அவன் அம்மா தனபாக்கியம்.
எதிரே இருதயராஜ்,
சாப்பாடு டெலிவரி பனியனைக் கழற்றாமல்,
இரவல் சைக்கிளில் வந்தவர்.
அவர் வண்டி கால்வாயில் கிடைத்தது
பாதி உடம்பு ஆகாயத்தாமரைக்குள்.
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.

வட்டத்தில் சுற்றிவர ஒரு கூழாங்கல் வைத்திருப்பேன்.
கல் யார் கையிலோ அவர்தான் பேசலாம்.
அன்று அதை பஸ்ஸிலோ எங்கேயோ தொலைத்திருந்தேன்.
இருதயராஜ் பையைத் துழாவி நீட்டினார்,
மாதா படம் தொங்கும் வளையத்தோடு
இல்லாத வண்டியின் சாவி.

சாவி சுற்றியது.
"நாலு அடி அடிச்சு விட்ருங்க சார்" என்றாள் தனபாக்கியம்.
பட்டறைக்கார சையத் பாய்
அதன் பல்லைத் தடவிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் கைமாற்றினார்.
டில்லிபாபு திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நாங்க சாவியில்லாமத்தான் எட்த்தோம்."
யாரோ சிரித்துவிட்டார்கள்.
நான்தான்.

பயிற்சியில் தந்த கேள்விகள்
லேமினேட் செய்து மடியில் இருந்தன.
என்ன நடந்தது?
அப்போது என்ன நினைத்தாய்?
யாருக்கு வலித்தது?
மூன்றாவதில் அவன்
கால் விரலால் தரையில் ஏதோ எழுதினான்.
மின்விசிறி.
கீழே யாரோ "சக்கர வர்லியா?" என்று கத்தினார்கள்.
இப்படிப்பட்ட மௌனத்தைக்
கலைக்காமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இருதயராஜ் விதியை மீறினார்.
சாவி கையில் இல்லாமலே கேட்டார்:
"எவ்ளோல போன?"
"இன்னா?"
"அன்னிக்கி ராத்திரி. எவ்ளோ ஸ்பீடு?"
"தொண்ணூத்தஞ்சு. நேப்பியர் பாலத்தாண்ட."
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
"மூணு வருசமா நான்
அறுபதத் தாண்டினதே இல்ல.
சாம்பார் கொட்டிக்கும்."

அதற்கப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு.
அதுவரை எங்கே வைத்திருந்தாரோ,
அடகுக்கடைக் கம்மல், மகளின் ஸ்கூல் பீஸ்,
பூட்டப்பட்ட ஐடி, கெஞ்சிய போன்கள்
எல்லாம் தூணைச் சுற்றி வந்து விழுந்தன.
பையன் முதல்முறையாக நிமிர்ந்தான்.
சாவியை இறுக்கி இறுக்கி
உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டாரா என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
அவன் சொன்னது இதுதான்:
"தள்ளினு போவசொல்ல செயின் கயண்டுச்சு.
மாட்டிட்டுத்தான் ஓட்னேன்."
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஞாயிறுதோறும் சையத் பாய் பட்டறையில் வேலை,
மாதம் ஐந்நூறு இருதயராஜுக்கு.
தனபாக்கியத்தின் கைநாட்டுக்கு
ரேஷன் கடையில் மை இரவல் வாங்கினோம்.

நான்காம் மாதம் அவன் வரவில்லை.
வீடு பூட்டியிருந்தது.
பட்டறையில் அவன் பாதி கழற்றிய கார்பரேட்டர்
செய்தித்தாள்மேல் அப்படியே.
"சொன்னேன்ல மேடம்" என்றது ஸ்டேஷன் போன்.
அன்று சிரிக்கவில்லை.

சாவி என்னிடமே தங்கிவிட்டது.
சில இரவுகளில் வீட்டுச் சாவி என்று நினைத்து
அதைக் கதவில் நுழைக்கிறேன்.

ஆறாம் மாதம், இரவு பத்தரை.
ஹாரன் சத்தத்துக்கு நடுவே இருதயராஜ்:
"பையன் வந்து நிக்கிறான் மேடம்.
முந்நூறுதான் வெச்சிருக்கான். வாங்கிக்கவா?"
கோப்பில் இதற்கு விதி இல்லை.
"உங்களுக்கு என்ன தோணுது?" என்றேன்
பயிற்சியில் சொன்னபடி.

"ஆர்டர் ஆறுது மேடம்"
என்று வைத்துவிட்டார்.