குன்றக்குடி தாண்டாத வண்டி

முதல் வீடியோவுக்குக் கானாடுகாத்தான் போனோம்.
வெள்ளை ஸ்விப்ட்டைக் கழுவித் துடைத்து
ஒரு பெரிய வீட்டு வாசலில் நிறுத்தி
வாட்ச்மேன் கையில் இருநூறு திணித்து
குனிந்தும் படுத்தும் எடுத்தான் அடைக்கலம்.
பாட்டு போட்டோம். எழுத்து பறந்து வந்து நின்றது:
சேவுகன் கார்ஸ், தேவகோட்டை ரோடு, காரைக்குடி.

பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள்.
வீடு விலைக்கா என்றார்கள்.
தூணெல்லாம் பர்மாத் தேக்கா என்றார்கள்.
துபாயிலிருந்து ஒருவர்
கதவை மட்டும் தனியாக எடுத்து அனுப்பச் சொன்னார்.
ஸ்விப்ட்டைப் பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார்:
'அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்.'

அந்த மாசக் கொட்டகை வாடகைக்கு
மச்சினனிடம் கைநீட்டினேன்.
பணத்தோடு ஒரு கேள்வியும் கொடுத்தான்:
'லைக்கை பேங்க்ல போட முடியாதா மச்சான்?'

ஐப்பசி, மத்தியானம், விடாத மழை.
கொட்டகைக்குள் ஒரு பழைய ஆல்டோவைச் சுற்றி
நானும் மெக்கானிக் ஜபருல்லாவும் சண்டை.
'கிளட்ச் போச்சு. பன்னெண்டாயிரம் ஆகும்.
இது குன்றக்குடி தாண்டாது.
மயிலைத்தான் இறங்கி வந்து தள்ளச் சொல்லணும்.'
'கத்தாதய்யா! பின் சீட்டை எலி கடிச்சதையும்
மைக் வச்சு ஊருக்குச் சொல்லு!'

சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.
சார்ஜ் பார்க்க எடுத்த போனில்
அடைக்கலத்தின் விரல் எங்கே பட்டதோ,
ஆறு நிமிஷம் நேரலை.
பதினொரு பேர்.

வீடியோவை அழித்தோம்.
பதினொரு பேரை எப்படி அழிப்பது?
ராத்திரி முழுக்க அந்தப் பதினொன்றையே
எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

காலை ஏழு மணிக்குப் போன்.
புதுவயலில் ரைஸ்மில் கணக்கெழுதும் உமையாள்.
'குன்றக்குடி தாண்டாத வண்டி இன்னும் இருக்கா?'
எச்சில் விழுங்கினேன்.
'எனக்கு அந்தப் பக்கம் சோலியே இல்லைங்க.
புதுவயல், காரைக்குடி. போக, வர.
எலி கடிச்ச சீட்டுல தவிட்டு மூட்டை வைப்பேன்.
அந்த பாய் ஒரு தொகை கத்தினாரே,
அதைக் கழிச்சிட்டு விலை சொல்லுங்க.'

இப்போது கொட்டகைக்குள்ளேதான் எடுக்கிறோம்.
முதலில் கீறல். அப்புறம் துரு. ஏசி இரைகிற இரைச்சல்.
விலை கடைசியில். பாட்டு கிடையாது.
'பாய் என்ன சொல்றார்?' என்று கேட்டுவிட்டுத்தான்
அறந்தாங்கிக்காரர்கள் பஸ் ஏறுகிறார்கள்.
ஜபருல்லா சட்டையை இஸ்திரி போட்டு வருகிறார்.

நான் யோக்கியனாகிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.
பொய்க்குச் செலவு கூட.
வாட்ச்மேனுக்கே இருநூறு.

ஆனால் அந்த வெள்ளி நிற எர்டிகா.
கல்லல் ராசகண்ணுவிடமிருந்து பேங்க் எடுத்த வண்டி.
மூன்று தவணை பாக்கி.
கடைசி வரிசை பெல்ட் மாட்டாது என்பதைக் காட்டினேன்.
இடது கதவின் நசுங்கலைக் காட்டினேன்.
பின் கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய
பட்டாம்பூச்சியை மட்டும் காட்டவில்லை.
அதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

ஸ்டேட்டஸில் போட்ட அன்றே
கண் படத்தைத் தொட்டால் அவர் பெயர்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஒரு வார்த்தை கேட்டதில்லை.
பத்தொன்பது நாள்,
பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணி வாக்கில்,
வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இருபதாம் நாள் விற்றது.
மாலையும் கையுமாக வந்தான் அடைக்கலம்,
வாங்கியவரை நிறுத்திப் படமெடுக்க,
'விற்றாச்சு' என்று சிவப்பில் முத்திரை குத்த.
வேண்டாம்டா என்றேன்.
வியாபாரம்ணே என்றான்.
வேண்டாம்.

அன்று சாயங்காலம் ஒரு நீல இயான் போட்டேன்.
பம்பர் விரிசல், நாலு டயரும் மொட்டை.
பதினொரு மணிக்குக் கண் படத்தைத் தொட்டேன்.
இருநூற்று ஆறு பேர்.
விரலால் தள்ளித் தள்ளி
கடைசிப் பெயர் வரை போனேன்.
திரும்ப மேலிருந்து ஒருமுறை.