ஒரு சாண் சரிவு

நடுவிலிருந்து சுவருக்கு ஒரு சாண்.
அந்தச் சாணுக்குள்
ஒரு கோடி டிகிரி இறங்கியாக வேண்டும்.

எரிவது குஜராத்தில்,
அரை நொடிக்கும் குறைவாக.
எண்கள் மட்டும் கோரிமேட்டில்
என் மாடியறைக்கு வருகின்றன,
கரண்ட் இருக்கிற ராத்திரிகளில்.

தெர்மாமீட்டர் நீட்ட முடியாது.
இங்கே தோண்டுகிற வெள்ளைக்கல்லைச் சுட்டு
உலைக்கு உள்சுவர் கட்டுவார்கள்,
உருகும் இரும்பைத் தாங்கும்.
இந்தச் சூட்டுக்கு எந்த மலையிலும் கல் இல்லை.
காந்தம்தான் பாத்திரம்.
அதன் கோடுகளைச் சுற்றிச் சுற்றி
எலெக்ட்ரான்கள் முனகுகின்றன.
எந்தச் சுருதி என்பது இடத்தைச் சொல்லும்,
எவ்வளவு உரக்க என்பது சூட்டைச் சொல்லும்.
பதினாறு சேனல், பதினாறு காது.
ஒட்டுக்கேட்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஆறு, ஏழு, எட்டு: மூன்றிலும் ஒரே எண்.
வழுக்கிக்கொண்டே போக வேண்டிய சரிவில்
யாரோ வெட்டிவைத்த படி மாதிரி.
"கேலிப்ரேஷன் போச்சு, மூணையும் எடுத்துடு.
வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்" என்றார்
போனில் பெலிக்ஸ் தணிகாசலம்.
எடுத்தேன்.
கோடு வழவழவென்று வந்தது.
எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் ஸ்கூட்டி கண்ணாடியில்
அறுநூறு ரூபாய்த் தெர்மாமீட்டரை
ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு
ஏற்காடு மலைப்பாதை.
அடிவாரச் செக்போஸ்ட்டில் முப்பத்திநாலு.
மூன்றாவது வளைவு முப்பத்திரண்டரை.
ஏழில் முப்பது, ஹேண்டில்பாரில் ஒரு குரங்கு.
எட்டில் இருபத்தொன்பது.
ஒன்பதில் இருபத்தொன்பது.
பத்தில் இருபத்தொன்பது.
உதறிப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன்.
பதினொன்றிலும் அதே.

சாலை போடுகிறவர்கள்
தார் டிரம்மில் தீ மூட்டியிருந்தார்கள்.
புகை மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை;
மலை மடிப்புக்குள் ஒரு சுற்றுச் சுற்றி
கிளம்பின டிரம்முக்கே திரும்பி வந்தது.
மஞ்சள் பெயிண்ட் வாளியோடு நின்ற பையன்
இருமிவிட்டுச் சிரித்தான்:
"இந்தப் பள்ளத்துக் காத்து வெளியூரே போவாதுக்கா."

கோட்டோடு ஓடுகிற சூடு
இமைக்குமுன் சமமாகிவிடும்.
கோட்டைத் தாண்டத்தான் பாடுபட வேண்டும்.
அந்தக் கோடே வளைந்து
தன்னையே சுற்றி மூடிக்கொண்டால்?
உள்ளே எங்கே தொட்டாலும் ஒரே சூடு.
காந்தத் தீவு என்று
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மலை சாட்சிக் கூண்டேறாது என்று தெரியும்.
புகையை ரிப்போர்ட்டில் சேர்க்க முடியாது.
பன்னிரண்டாம் வளைவில் வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில், சுவர்ச் சுருள்களின் பதிவைத் திறந்தேன்.
நான் திறக்கவே திறக்காத ஃபைல்.
படி தோன்றிய அதே கணத்தில்
அங்கே ஒரு நடுக்கம்,
சீராக, பிடிவாதமாக,
ஏதோ ஒன்று சுழன்று சுழன்று
சுருளைக் கடந்து போகிறாற்போல.

மூன்று எண்களையும் இருந்த இடத்தில் வைத்தேன்.
பெலிக்ஸுக்கு ஒரு வரி:
"கோடு வழவழப்பாக இருக்காது."
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நோட்டில் பன்னிரண்டுக்கு அப்புறம்
இருபது வரை எட்டு வரிகள் காலி.
மேலே குளிராகத்தான் இருந்திருக்கும்.
அளக்கவில்லை.
அங்கே கோடு போடவில்லை.