நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சில்

ஆடி மாசம் மட்டும் ஆறு புத்தகம்.
குலசேகரத்தில் மழை விடாமல் பெய்தால்
பால்வெட்டு கிடையாது,
ஷீட்டு எடைபோட ஆள் வராது.
கணக்குப் பேரேட்டை மூடி
அதன்மேல் இன்னொன்றைத் திறக்க
முதலாளி சாயா குடிக்கப் போனால் போதும்.

முதலில் ஒரு சமையல்காரியின் நினைவுக்குறிப்பு.
கப்பல் கம்பெனி கேன்டீனில் முப்பது வருஷம்
ஊராருக்குப் பொரித்துக் கொட்டியவள்.
எல்லா அத்தியாயத்திலும் யாரோ சாகிறார்கள்,
உடனே யாரோ வெங்காயம் நறுக்குகிறார்கள்.
கண்ணீர் எதனால் என்று அவள் சொல்வதேயில்லை.
அது பிடித்திருந்தது.
ஆனால் மீன்குழம்புக்குத் தக்காளி போடச் சொல்கிறாள்!
தேங்காய் அரைத்து, குடம்புளி இட்டு,
சட்டியில் ஒரு ராத்திரி உறங்கவிட்ட சாளைக்கறியை
மறுநாள் மரச்சீனியோடு தின்றிருந்தால்
நூற்றிப்பன்னிரண்டாம் பக்கத்தை
அவளே கிழித்திருப்பாள்.
ஓரத்தில் இதை எழுதலாமா என்று யோசித்தேன்.
நூலகப் புத்தகம். எழுதவில்லை.
ஒரு மஞ்சள் விரல்தடம் மட்டும் விழுந்துவிட்டது,
விபத்தென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உப்பைப் பற்றி. பாதியில் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவதில், கட்டினவனை விட்டு வந்த ஒருத்தி
வாடகை வீட்டில் ரொட்டி சுடப் பழகுகிறாள்.
ஒரு தடவைகூட உப்பி வரவில்லை.
ஒரு தடவைகூட அவள் எறியவில்லை, தின்கிறாள்.
மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே முடித்தேன்,
திருவட்டாரில் இறங்கவேண்டியவள்
ஆற்றூர்வரை போய்விட்டேன்.

மிச்சம் மூன்றும் துப்பறியும் கதைகள்.
கத்தி இருக்கும், ரத்தம் இராது.
மலையோரச் சிற்றூர், ஒரு பேக்கரி, ஒரு தையல்கடை.
பிணம் கிடந்தாலும் நாலு மணிக்குத் தேநீர் உண்டு.
போலீசைவிடப் பூக்கடைக்காரிக்கு மூளை அதிகம்.
கடைசியில் மழை விடும், பூனை திரும்பி வரும்.
இதெல்லாம் ஒரு புத்தகமா அக்கா
என்று கேட்டான் ஷீட்டு அடுக்கும் அனில்குமார்.
நாளைக்கு ரப்பர் என்ன விலை என்று
தெரியாமல் உறங்கப்போகிற ஊரில்
குற்றவாளி யாரென்று தெரிந்து உறங்குவது
சின்னக் காரியமில்லை மக்களே.

ஆறாவது புத்தகம், நாற்பத்தொன்றாம் பக்கம்,
பென்சிலில், பொடி எழுத்தில்,
எனக்கு முன்னால் படித்த யாரோ:
'கொன்றது தபால்காரன்.'

தூக்கி வீசத் தோன்றியது.
வீசாமல் இருநூறு பக்கம்
தபால்காரனை மட்டும் பார்த்தபடி படித்தேன்.
அவன் சைக்கிளைச் சாய்க்கிற விதம்,
கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது,
நாய்க்கு பிஸ்கட் போடுவது.
நாய்க்கு பிஸ்கட் போடுகிறவனை நம்பவே கூடாது.

அந்த வாரம் எல்.ஐ.சி. கடிதத்தோடு வந்த தாசையனிடம்
வெள்ளம் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை.
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நின்று
கையெழுத்து வாங்கிப் போனார்.

இருநூற்று நாற்பத்தாறாம் பக்கத்தில் தெரிந்தது,
கொன்றது பல்வைத்தியர்.
தபால்காரன், பாவம்,
பேக்கரிக்காரியைக் காதலித்திருக்கிறான்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது
அவள் கையெழுத்தை.

பொய் எழுதியது யார்?
நூலகச் சீட்டில் மூன்று தேதி, பெயரில்லை.
நடுவில் பேச்சிப்பாறை பஸ் டிக்கெட் ஒன்று.
எண்பதாம் பக்கத்தில் பழம்பொரி எண்ணெய்.
றன்னகரத்துச் சுழி டீச்சர்மார் எழுத்துப்போல உருண்டை.
பூக்கடைக்காரிக்கு இவ்வளவு போதும்,
ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.
நான் தேடவில்லை.

வியாழக்கிழமை தாசையனுக்கு
சாயாவும் ரெண்டு முந்திரிக்கொத்தும் வைத்தேன்.
'என்ன விசேஷம்?'
'ஒண்ணுமில்ல, ஒரு சந்தேகம் தீந்துபோச்சு.'
அவர் ஒன்றைத் தின்று
மற்றதைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாளை புத்தகத்தைத் திருப்பவேண்டும்.
அழிரப்பர் எடுத்தேன்,
இந்த ஊரில் ரப்பருக்கா பஞ்சம்.
நாற்பத்தொன்றைத் திறந்து
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தேன்.
பிறகு பென்சிலைத் தேடி எடுத்து
அந்த வரிக்குக் கீழே எழுதினேன்:
'ஆமாம். நானும் எதிர்பார்க்கவே இல்லை.'